முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் கண்டம்தான். காலையில் தண்ணீர் மாற்றியிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணே, காலையில கூட நல்லா இருந்துச்சு. இப்ப எல்லாம் மேலே வந்து வாயைப் பொளக்குது. என்ன மருந்து ஊத்தலாம்?" மருந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "எத்தனை மணிக்குத் தண்ணி மாத்தினே? எத்தனை மணிக்கு இது ஆரம்பிச்சுது?" என்றுதான் நான் கேட்பேன். பாதி விடை அந்த இடைவெளியில் இருக்கும்.

கொளத்தூர் கடைகளில் முதல் தொட்டியை வாங்கிப்போகும் தம்பி தங்கைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாம் நன்னீர் மீன்களுக்கு. கடல்மீன் தொட்டியின் கணக்கு வேறு.

1. நேரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடியுங்கள்.

தண்ணீர் விட்ட சில நிமிடங்களில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மீன்கள் தாறுமாறாக ஓடினால், குளோரின், சூட்டு வித்தியாசம், வாளியில் ஒட்டியிருந்த சோப்பு ஆகிய மூன்றின் மேல்தான் முதல் சந்தேகம். சில மணி நேரம் கழித்தோ ராத்திரியிலோ சுணங்கினால், புதுத் தண்ணீரின் பி.எச்., உப்புச் சத்து ஆகியவை பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முழுக்க நன்றாக நீந்திவிட்டு மறுநாளோ மூன்றாம் நாளோ மூச்சு வாங்கினால், ஃபில்டரை எப்படிக் கழுவினீர்கள் என்று யோசியுங்கள். இரண்டு காரணங்கள் சேர்ந்தும் வரும். ஆனாலும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது இதில் தெரிந்துவிடும்.

2. காரணம் தெரியாவிட்டாலும் முதல் பத்து நிமிடத்தில் செய்யவேண்டியவை நான்கு.

ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். இன்னொன்று இருந்தால் அதையும் போடுங்கள். பவர் ஃபில்டரின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கி, மேற்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். விளக்கை அணையுங்கள். தீனியை நிறுத்துங்கள். எந்த விஷமானாலும் அடிபடுவது பெரும்பாலும் செவுள்தான். அதனால், அறையில் கொசு மருந்து ஓடாதவரை, காற்று எந்தக் காரணத்துக்கும் உதவும்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. "தண்ணிதான் சரியில்லை" என்று பாதித் தொட்டியைக் கொட்டிவிட்டு, அதே குழாயிலிருந்து அதே தண்ணீரை மறுபடியும் நிரப்பாதீர்கள். முதல் தடவை தப்பிய மீன் பல இரண்டாவது தடவையில்தான் போகின்றன.

3. கிட்டே போய்ப் பாருங்கள்.

மீனை வலையில் பிடிக்காதீர்கள். சின்ன டார்ச்சைக் கண்ணாடியில் சாய்வாகப் பிடித்து, செவுள்மூடி திறக்கும்போது உள்ளே என்ன நிறம் என்று கவனியுங்கள். நல்ல செவுள் தக்காளிச் சிவப்பாக இருக்கும். வெளுத்து, மேலே சளி படர்ந்தாற்போல் இருந்தால் குளோரின் பட்டிருக்கலாம். வீங்கிக் கன்றிச் சிவந்திருந்தால் அமோனியாவை நினையுங்கள். சாக்லேட் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று பொருள்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்திருந்தால் குற்றம் தண்ணீரில்தான். ஒன்று மட்டும் மூலையில் ஒதுங்கியிருந்தால் அதற்கு நோயாக இருக்கலாம், அல்லது மற்றது அதைத் துரத்தியிருக்கலாம். இன்னொன்று: ஃபைட்டர், கௌராமி இரண்டுக்கும் காற்றை நேரடியாக விழுங்கும் உறுப்பு உண்டு. அவை அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுக் கீழே போவது இயல்பு. கோரிடோராஸும் அப்படி விருட்டென்று மேலே வந்துபோகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலேயே மிதந்து, ஓயாமல் வாயைத் திறந்து மூடினால்தான் ஆபத்து.

உங்கள் மீன் நன்றாக இருக்கும் நாளில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை செவுளை அசைக்கிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஆபத்து நாளில் ஒப்பிட அது உதவும்.

4. குளோரின் என்றால் உடனே முறிக்கலாம்.

குழாய் முனைக்கு வரும் குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது காப்பு. மீனின் செவுளுக்கு அந்த அளவே ஊறு. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்குப் பயத்தால் குளோரின் இன்னும் கூடுதலாகச் சேரும். லாரித் தண்ணீரிலும், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய சம்ப் தண்ணீரிலும் அளவு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதேதான். மீன் துடிக்கும்போது, ஊற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பண்ணாமல் தொட்டியின் மொத்தத் தண்ணீருக்கும் உரிய அளவை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் குளோரின் முறிந்துவிடும். செவுளில் ஏற்கெனவே பட்ட புண் ஆற மட்டும் நாளாகும்.

தொட்டியின் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுங்கள், லிட்டர் வரும். 24, 12, 12 என்ற இரண்டடித் தொட்டிக்கு ஏறத்தாழ 57 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் திறந்த தொட்டியில் ஏர் பம்ப் ஓட விட்டால் குளோரின் தானாகப் பறந்துவிடும். குளோரமின் கலந்த தண்ணீருக்கு இந்த வழி போதாது. அது பறக்காது, தயோசல்ஃபேட்டால் முறித்தாலும் அமோனியாவை மிச்சம் விடும். அதற்கு அமோனியாவையும் கட்டும் கண்டிஷனர் வேண்டும்.

5. சூட்டை உடனே சரிசெய்ய நினைக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்க் தண்ணீரைத் தொட்டாலே கை சுடும். பகலில் குழாயைத் திறந்து அப்படியே தொட்டியில் விட்டால், சூட்டு அதிர்ச்சியோடு ஆக்சிஜன் குறைவும் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேல்தான். மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடும். மார்கழி விடியலில் இது தலைகீழ்: சில்லென்ற தண்ணீர் பட்டதும் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். சில நாளில் உடம்பெல்லாம் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வருவதும் உண்டு.

தொட்டி சூடாகிவிட்டால் ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை மிதக்க விடுங்கள். மேலே மின்விசிறி ஓடட்டும். மணிக்கு ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் போதும். அடுத்த தடவை, ஊற்றும் முன் இரண்டு தண்ணீரிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

6. ரொம்ப நாள் மாற்றாத தொட்டியில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

"மூணு மாசமா மாத்தலண்ணே, அதான் இன்னைக்கு முக்கால்வாசி மாத்திட்டேன்" என்பவர் வீட்டில்தான் சேதம் அதிகம். கேட்கிறவருக்கு இது புரிவதில்லை: அழுக்குத் தண்ணீரில் இருந்த மீன் சுத்தமான தண்ணீரில் ஏன் சாகவேண்டும்?

காரணம் இது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டரிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்த வேலையில் தண்ணீரின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பி.எச். இறங்கிக்கொண்டே வரும். 6-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் பாக்டீரியாவும் சோர்ந்துபோகும்; அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் புளிப்பான தண்ணீரில் அது அம்மோனியம் என்ற, மீனை அதிகம் பாதிக்காத வடிவத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை முக்கால் தொட்டி விட்டால், மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி விஷ அமோனியாவாக மாறும். பி.எச். 7-ல் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8-ல் ஐந்தாறு பங்கு இருக்கும். ஒரு எண் ஏறினால் ஏறத்தாழ பத்து மடங்கு. சில சமயம் ஒரு மணி நேரத்திலேயே மீன் சாய்ந்துவிடும்.

அப்படி ஆகிவிட்டால் பி.எச்.சைக் குறைக்கும் பவுடரைத் தேடி ஓட வேண்டாம். இன்னொரு அதிர்ச்சியை மீன் தாங்காது. அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரை முழு அளவில் ஊற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள். பாழடைந்த தொட்டியை மீட்க வேண்டுமானால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் பத்து நாள் மாற்றுங்கள். மூன்று மாதச் சோம்பலை ஒரு காலையில் ஈடுகட்ட முடியாது.

7. அதே குழாய்தான், ஆனால் அதே தண்ணீர் இல்லை.

சென்னைக் குழாயில் புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் வரும். வீராணம் தண்ணீரும் வரும். கடல்நீரைக் குடிநீராக்கியும் வரும். மீஞ்சூர் நிலையம் 2010-லும், நெம்மேலி நிலையம் 2013-லும் ஓடத் தொடங்கின. தொடங்கும்போது ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு 10 கோடி லிட்டர். உங்கள் தெருவுக்கு எந்த மாதம் எது வருகிறது என்று மீனுக்குத்தான் முதலில் தெரியும். குழாய் நின்றால் லாரி, லாரி வராவிட்டால் போர் என்று வீட்டில் மாற்றி மாற்றி நிரப்புகிறோம். சம்பிலிருக்கும் தண்ணீர் போன வாரத் தண்ணீர்தானா என்று கேட்டுவிட்டு வாளியை எடுங்கள்.

நன்னீர் மீனின் உடம்புக்குள் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். வெளியிலுள்ள உப்புச் சத்து திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ இந்தக் கணக்கு குலையும். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பழைய தண்ணீரையும் புதியதையும் அளந்து பாருங்கள். இருநூறு முந்நூறு வித்தியாசம் காட்டினால் மாற்றும் அளவைப் பாதியாக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஏர் டியூபின் ஒரு முனையை உயரத்தில் வைத்த வாளியில் போட்டு, நடுவில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டால் சொட்டு விடும் குழாய் தயார்.

போரிலிருந்து நேரே வரும் தண்ணீரில் கரியமில வாயு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். சில இடங்களில் இரும்பும் அழுகல் முட்டை வாடையும் உண்டு. ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவதும் சரியல்ல, அதில் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் உப்பே இருக்காது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செடிக்கோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவாதீர்கள்.

அந்தப் பழுப்புக் கசண்டில்தான் தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. குளோரின் தண்ணீரில் பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தண்ணீர் லேசாகப் பால்போல் கலங்கும். மூன்றாம் நாள் மீன் மேலே வரும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஸ்பான்ஜை இரண்டு முறை அமுக்கி எடுங்கள், போதும். தண்ணீர் மாற்றும் நாளும் ஃபில்டர் கழுவும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

கரண்ட் பல மணி நேரம் போய் வந்தால் மூடிய ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். காற்றில்லாமல் உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு மாட்டுங்கள்.

பாக்டீரியா செத்துவிட்டதென்று தெரிந்தால், நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பான்ஜ் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அவருடைய மீனுக்கு நோய் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. உப்பு உதவும், எல்லாவற்றுக்கும் உதவாது.

நைட்ரைட் விஷத்துக்கு உப்பு நல்ல கைமருந்து. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு: 50 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். ஒரு சொம்புத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு தவணையாக விடுங்கள். கோரிடோராஸ், லோச், டெட்ரா இருந்தால் பாதி அளவில் நிறுத்துங்கள். செடித் தொட்டியிலும் அப்படியே. உப்பு ஆவியாகிப் போகாது. வற்றிய தண்ணீரை ஈடுகட்டும்போது மறுபடி உப்புச் சேர்க்கக்கூடாது. குளோரினையோ அமோனியாவையோ உப்பு முறிக்காது.

10. நீல மருந்தும் மாத்திரையும் இன்றைக்கு வேண்டாம்.

மீன் மூச்சு வாங்கினால் மெத்திலீன் ப்ளூவை ஊற்று என்பார் ஒருவர். ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடு என்பார் இன்னொருவர். பெரும்பாலும் கிருமியால் வந்த நோய்க்குத்தான் அந்த மருந்துகள். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் ஒன்றாகச் சாய்வது கிருமியின் வேலை இல்லை. மருந்து ஃபில்டர் பாக்டீரியாவைக் கொன்றால், இன்றைக்குத் தப்பிய மீன் மூன்றாம் நாள் அமோனியாவில் மாட்டும். ஒரு நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்து மீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான்கையும் ஒன்றாக ஊற்றினால் எது காப்பாற்றியது, எது கொன்றது என்று யாருக்கும் தெரியாது.

11. தண்ணீர் சரியாக இருந்தால் கையையும் வாளியையும் அறையையும் சந்தேகியுங்கள்.

துணி ஊறவைக்கும் வாளியில் மீன் தண்ணீர் எடுக்காதீர்கள். தொட்டிக்கென்று தனி வாளி, தனி மக் இருக்கட்டும். பாத்திரம் கழுவிய கை, க்ரீம் தடவிய கை, சானிடைசர் பட்ட கை எதுவும் உள்ளே போகக்கூடாது. பலருக்குத் தோன்றாதது கொசு மருந்து. சுருள், சுவரில் செருகும் லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை விஷம். மனிதனை அதிகம் பாதிக்காத அளவே மீனுக்கு எமன். ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

12. பழைய தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள்.

வெளியே எடுத்ததில் ஒரு வாளியை ராத்திரி வரைக்கும் ஓரமாக வையுங்கள். குளோரின் வந்துவிட்டது, கையில் மருந்தில்லை, கடையும் மூடிவிட்டது என்றால் மீனைக் காப்பாற்ற அந்த வாளியும் ஒரு ஏர் ஸ்டோனும் போதும். இதைவிட நல்லது, மூடி போட்ட டப் ஒன்றில் குளோரின் போன தண்ணீர் எப்போதும் தயாராக இருப்பது. இரண்டடித் தொட்டிக்கு 20 லிட்டர் போதும். கொசு முட்டையிடாமல் மூடி வையுங்கள்.

13. பிழைத்த மீனைக் கொஞ்ச நாள் தொந்தரவு செய்யாதீர்கள்.

நிமிர்ந்து நீந்தத் தொடங்கியதும் தீனியை அள்ளிப் போடத் தோன்றும். ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். அடுத்த நாள் ஒரு சிட்டிகை. ஒரு நிமிடத்தில் தின்று தீர்த்தால்தான் அடுத்த சிட்டிகை. வெந்த செவுளிலும் தோலிலும் சில நாளில் பூஞ்சை பிடிக்கலாம். பஞ்சுபோல ஏதாவது தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். அப்போதுதான் மருந்துக்கு வேலை. மூன்று வாரத்துக்குப் புது மீன் வாங்க வேண்டாம். செத்ததை மண்ணில் புதையுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்று உயிருள்ளதை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். நம் ஊர் மீனுக்கு அது பகையாகும்.

14. மீனைப் பிடித்து வைத்துத் தொட்டியைக் கழுவும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

மீனையெல்லாம் பக்கெட்டில் போட்டு, கல்லைத் தேய்த்து, கண்ணாடியைப் பளபளக்க வைத்து, புதுத் தண்ணீர் முழுக்க நிரப்புவது நம் வீடுகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மேலே சொன்ன அத்தனை ஆபத்தையும் ஒரே நாளில் வரவழைக்கும் வழி அது. மீன் தொட்டியிலேயே இருக்கட்டும். சைஃபன் குழாயால் கல்லுக்கிடையே இருக்கும் கழிவை உறிஞ்சிக் கால் தொட்டித் தண்ணீரை எடுங்கள். குளோரின் போன, சூடு ஒத்த தண்ணீரை அரை மணி நேரத்தில் மெதுவாக விடுங்கள். வாரம் ஒரு முறை, அதே அளவு.

கிழமையை மட்டும் மாற்றுங்கள். ஞாயிறு வேண்டாம். மறுநாள் வேலைக்குப் போய்விட்டால் மீனைப் பார்க்க ஆள் இருக்காது. கடையும் கூட்டமாக இருக்கும். சனிக்கிழமை காலையில் மாற்றினால் ஏதாவது ஆனாலும் கவனிக்க இரண்டு முழுப் பகல் கையில் இருக்கும்.